பாகக் கேஸும் பத்திரத்தின் கடைசிப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வக்கீல் கேஸை ஒழுங்காக நடத்தாவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியாது, 2024-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது என்று நாலு வரியில் பதில் போட்டிருந்தீர்கள். பதில் சரிதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு என் சித்தி பேப்பரை மடித்து வைத்த விதத்தைப் பார்த்தபிறகு நாலு வரி போதாது என்று தோன்றியது, அதனால்தான் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பக்கம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் திங்கள்சந்தைப் பக்கம் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை. என் அம்மாவின் தங்கை முந்திரி ஆலையில் முப்பது வருடம் கொட்டை உடைத்தவர், விரல் நுனியெல்லாம் இன்றைக்கும் கறுப்புதான். எங்கள் பாட்டாவுக்கு 62 சென்ட் தென்னைவிளை இருந்தது, அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. 2014-ல் பாட்டா இறந்ததும் சித்தி தன் பாகத்தைக் கேட்டார், மாமா தரமாட்டேன் என்றார், 2015-ல் கேஸ் போட்டோம். கோவிலில் பழக்கமான ஒருவர் சொன்ன ஒரு சின்ன வக்கீலிடம்தான் போனோம். மாடியில் ஆபீஸ், வாசலில் அவருடைய சீனியர் பெயர் போட்ட போர்டு, உள்ளே நாலு மேசை, ஒரு குமாஸ்தா, சுவர் முழுக்கக் கேஸ் கட்டு. மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

2016 ஜனவரியில் மாமா எதிருரை போட்டார். பாட்டா 2011-லேயே விளை முழுவதையும் தனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றும் இனி பாகம் பிரிக்க ஒன்றுமில்லை என்றும் அதில் இருந்தது. எங்களுக்குத் தலை சுற்றியது, ஏனென்றால் 2011-ல் பாட்டா வாதம் வந்து படுக்கையில் கிடந்தார், பேச்சும் சரியாக வராது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டுதான் வைக்க முடியும். வக்கீலிடம் சொன்னோம். "பாத்துக்கலாம், கேஸ் நல்லாத்தான் போவுது" என்றார். ஏழு வருடம் போனது. 2022 நவம்பரில் தள்ளுபடி. தீர்ப்பில் என்ன எழுதியிருந்தது என்றால், செட்டில்மென்ட் இருப்பது வாதிக்கு 2016-லேயே தெரியும், அதை ரத்து செய்யச் சொல்லி அவர் கேட்கவே இல்லை, ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, அது தாண்டிவிட்டது, பத்திரம் நிற்கிறவரை பாகம் இல்லை. அவ்வளவுதான். பாட்டா படுக்கையில் கிடந்தாரா, சுயநினைவோடு கைநாட்டு வைத்தாரா என்பதற்குள் கோர்ட் போகவே தேவையில்லாமல் போய்விட்டது. நாங்கள் கோர்ட்டில் கொடுத்த பிராதைத் திருத்தி, அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு இரண்டு வரி சேர்க்க ஒரு மனு போட்டிருந்தால் போதும். மூன்று வருடம் நேரம் இருந்தது.

மறதி என்றுதான் முதலில் நினைத்தோம். அப்பீலுக்காக நான் சப்ரிஜிஸ்டர் ஆபீஸில் அந்தப் பத்திரத்தின் நகல் வாங்கினேன். அதுவரை எங்கள் கையில் எந்தக் காகிதமும் கிடையாது, எல்லாம் ஆபீஸில் கேஸ் கட்டுக்குள்தான் இருக்கும், கேட்டால் "எதுக்கு, இங்கேயே பத்திரமா இருக்கு" என்பார்கள். அன்று ராத்திரி கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் பத்திரம் தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரு வக்கீலின் முத்திரை. மாடி ஆபீஸ் வாசலில் போர்டில் இருக்கிற அதே பெயர். அதற்கு மேலே இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒன்று மாமாவின் மச்சினன், இன்னொன்று அந்த ஆபீஸ் குமாஸ்தா. எங்களுக்கு வாய்தா தேதி எழுதிக் கொடுக்கிற, சித்திக்கு ஸ்டூல் எடுத்துப் போடுகிற அதே மனுஷன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்திரம் செல்லாது என்று சித்தி சார்பில் கேஸ் நடத்த வேண்டுமானால் அந்தச் சின்ன வக்கீல் என்ன செய்திருக்க வேண்டும்? தன் சீனியர் தயாரித்த பத்திரத்தில் மோசடி நடந்தது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தன் ஆபீஸ் குமாஸ்தாவைக் கூண்டில் ஏற்றி, "பாட்டா கைநாட்டு வைத்தபோது அவருக்கு நினைவு இருந்ததா, யார் கையைப் பிடித்தார்கள்" என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். மத்தியானம் அதே குமாஸ்தா வாங்கி வருகிற சாயாவைக் குடிக்க வேண்டும். எந்த ஜூனியர் இதைச் செய்வான்? அவர் மறக்கவில்லை, அந்த இரண்டு வரியை எழுத அவரால் முடியாது, அதுதான் விஷயம். முடியாது என்றால் முதல் நாளே சொல்லி வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை.

சித்தியிடம் நான் இதை விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ பத்திரத்த எழுதினதும் அவிய, எனக்க கேஸ நடத்துனதும் அவியளா மக்களே?"

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது வாகாக நடப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எங்களை மாதிரிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் என்று 1916-ல் போட்டது ஒன்று இருந்தது. அப்பன் உயில் எழுதாமல் செத்தால் மகளுக்கு, மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 1986-ல் மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அந்தச் சட்டம் 1951-லேயே செத்துவிட்டது, இந்திய வாரிசுச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு என்று சொன்னது. அது கேரளத்துக் கேஸ் என்றாலும் நாமும் பழைய திருவிதாங்கூர்தானே. அதற்கப்புறம் இங்கே பல அப்பன்மார் என்ன செய்தார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், உயிரோடிருக்கும்போதே மகன்கள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதினார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் குழித்துறையிலும் இரணியலிலும் இருக்கிற வக்கீல் ஆபீஸ்கள். பத்து வருடம் கழித்து மகள் பாகம் கேட்டு வரும்போது அவள் ஏறுகிற மாடியும் அதே மாடியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாலு வழிச்சாலைக்கு நிலம் போனதில் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே வக்கீல் நஷ்டஈடு வாங்கித் தந்துவிட்டு, பணம் வந்ததும் யாருக்கு எவ்வளவு என்ற சண்டையில் அதில் ஒருவர் பக்கம் மட்டும் நின்றால் அதுவும் இதே சாதிதான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆஜராகும் வக்கீல்கள் பேனலில் இருந்துகொண்டு விபத்தில் கால் போனவனுக்கும் ஆலோசனை சொன்னால் அதுவும்.

சரி, விதி என்ன சொல்கிறது? நான் தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடமும் கேட்டேன். வக்கீல்களின் நடத்தையைக் கண்காணிக்கிற இந்திய பார் கவுன்சில் விதிகளில், வக்கீல் ஒரு கேஸை ஏற்கும்போதும் நடத்தும்போதும் எதிர்த்தரப்போடு தனக்கு இருக்கிற தொடர்பையும் அந்தத் தகராறில் தனக்கு இருக்கிற சம்பந்தத்தையும் ஒளிக்காமல் கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது, அது 14-வது விதி. 33-வது விதி இன்னும் கறார்: ஒரு விஷயத்தில் ஒருவருக்கு ஆலோசனை சொன்ன வக்கீல், அல்லது அவருக்காக எழுதிக் கொடுத்த, ஆஜரான வக்கீல், பிறகு எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டிலும் எழுதியிருப்பது "ஒரு வக்கீல்" என்றுதான். அவருடைய ஆபீஸ் என்று இல்லை, சீனியர், ஜூனியர், குமாஸ்தா, ஒரே அலமாரி என்று எதுவும் இல்லை. பத்திரம் தயாரித்தவர் பெரிய வக்கீல், சித்திக்கு ஆஜரானவர் சின்ன வக்கீல், ஆக இரண்டு வேறு ஆட்கள், விதியை எங்கே மீறினோம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சொல்லப்போனால் நாங்கள் கேட்டபோது இதைத்தான் சொன்னார்கள். "சார் வேற, நான் வேற." வக்காலத்தில் பார்த்தால் சித்தி கையெழுத்துக்குக் கீழே இரண்டு பேர் பெயரும் அச்சடித்திருக்கிறது! ஃபீஸ் வாங்கும்போது ஒரே ஆபீஸ், கேள்வி கேட்டால் வேற வேற ஆள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கிற என் அக்கா மகனிடம் இதைப் புலம்பியபோது அவன் ஒரு கேஸைப் பற்றி அனுப்பினான், என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ஜே-எம் மேனுஃபாக்சரிங் என்று ஒரு பி.வி.சி. பைப் கம்பெனி. தரமில்லாத பைப்பை விற்றுவிட்டது என்று இருநூறு அரசு அமைப்புகள் பக்கம் அதன்மேல் வழக்கு. கம்பெனிக்காக 2010-ல் ஆஜரானது ஷெப்பர்ட் முல்லின் என்ற பெரிய வக்கீல் நிறுவனம். அந்த இருநூறில் ஒன்றான சவுத் தாஹோ என்கிற ஊரின் தண்ணீர் வாரியத்துக்கும் அதே நிறுவனத்தில் வேறொரு வக்கீல், வேறு ஏதோ தொழிலாளர் விஷயத்தில், ஆலோசகர். பைப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நிறுவனத்துக்கு இது முன்கூட்டியே தெரியும், தேடிப் பார்த்திருக்கிறார்கள். இப்படி முரண்பாடு வந்தாலும் பரவாயில்லை என்று எங்கள் ஒப்பந்தத்தில் பொதுவாக ஒரு சம்மதம் வாங்கியிருக்கிறோமே, அது போதும் என்று நினைத்து பைப் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டார்கள். பத்தாயிரம் மணி நேரம் வேலை, 38 லட்சம் டாலர் அளவுக்கு பில். விஷயம் வெளியே வந்ததும் கோர்ட் அவர்களை அந்தக் கேஸிலிருந்தே விலக்கியது. பாக்கி ஃபீஸ் வேண்டும் என்று நிறுவனமும் கொடுத்த ஃபீஸைத் திருப்பித் தா என்று கம்பெனியும் மாறி மாறிச் சண்டை போட்டு, 2018-ல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொன்னது: தெரிந்த முரண்பாட்டை மறைத்து வாங்கிய அந்த ஃபீஸ் ஒப்பந்தமே செல்லாது. செய்த வேலைக்கு நியாயமாக ஏதாவது உண்டா என்பதை மட்டும் கீழ்க்கோர்ட் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. அங்கே வேறு மேசையில் இருந்த வேறு வக்கீல் என்பது ஒரு சாக்காக நிற்கவில்லை, ஒருவருக்குத் தடை என்றால் நிறுவனம் முழுவதற்கும் தடை என்பதே அங்கே பொது விதி. இரண்டாவது, ஃபீஸ் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல, கம்பெனி அந்தக் கேஸில் ஜெயித்திருக்குமா தோற்றிருக்குமா என்று யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மறைத்தாயா, மறைத்தாய், முடிந்தது.

இந்த இரண்டாவது விஷயம்தான் சித்தி மாதிரி ஆட்களுக்கு உயிர். ஏனென்றால் வக்கீல்மேல் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு போட முடியும், அதை யாரும் தடுக்கவில்லை. 1926-லேயே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்றில், கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் வக்கீல் என்ற ஒரே காரணத்தால் வழக்கிலிருந்து தப்ப முடியாது என்று எழுதி வைத்தார்கள். 2024 மே 14-ம் தேதித் தீர்ப்பும் நுகர்வோர் சட்டத்துக்குள் வக்கீல் வரமாட்டார் என்றுதான் சொல்கிறதே தவிர வழக்கே போடக்கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் பதிலில் இதை விட்டுவிட்டீர்கள், அதுதான் என் முதல் குறை. ஆனால் போட்டால் என்ன ஆகும்? கேட்கிற தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் முதலில் கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல்மேல் கேஸ் போட இன்னொரு வக்கீல் வேண்டும், ஒரே பார் அசோசியேஷனில் அவர் கிடைக்க வேண்டும். எல்லாம் கிடைத்தாலும், அந்தக் கேஸ் ஒழுங்காக நடந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மனதைத் தொட்டுச் சொன்னால், சித்தி ஜெயித்திருப்பாரா என்று எனக்கே தெரியாது. பாட்டா முழு நினைவோடு மகனுக்கே கொடுக்கலாம் என்று நினைத்திருக்கவும் கூடும், அந்தக் காலத்து மனுஷர். அது கோர்ட்டில் அலசப்பட வேண்டிய கேள்வி, அலசப்படாமலே செத்துப்போன கேள்வி. அதை இப்போது யார் எப்படி நிரூபிப்பது?

2024 தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வக்கீலை நுகர்வோர் சட்டத்திலிருந்து விலக்கியதற்குச் சொன்ன முக்கியமான காரணம், கட்சிக்காரருக்கு வக்கீல்மேல் நேரடிக் கட்டுப்பாடு இருக்கிறது, அவர் சொல்படிதான் வக்கீல் நடக்க வேண்டும், ஆகவே இது தனிப்பட்ட பணிக்கான ஒப்பந்தம், அது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். என் சித்திக்கு அந்த ஆபீஸில் வாய்தா தேதி கேட்கவே பயம், செருப்பைக் கீழே மாடிப்படியில் விட்டுவிட்டுப் போவார். அவருக்கு என்ன கட்டுப்பாடு? 1995-லிருந்து டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் இருக்கிறார்கள், இவர்கள் இல்லை. இதற்குமேல் சொன்னால் கோர்ட் அவமதிப்பு என்பார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கொடுத்திருக்கிறோம், நடக்கிற விஷயம் என்பதால் அதைப் பற்றி இங்கே பேசவில்லை. பொதுவாக மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது மட்டும்: 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி புகார் வந்த ஒரு வருடத்துக்குள் மாநில கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். தவறு நிரூபணமானால் கண்டிக்கலாம், சஸ்பெண்ட் செய்யலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை எடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்தவருக்குப் போன விளையோ கொடுத்த ஃபீஸோ அதில் திரும்பி வராது. சித்தி கொட்டை உடைத்துச் சேர்த்துத் தவணை தவணையாகக் கொடுத்தது 85,000 ரூபாய், ஒன்றுக்கும் ரசீது கிடையாது.

இவ்வளவு சொல்லிவிட்டு வக்கீல்கள் பக்கத்தைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. சின்ன ஊர், நாலைந்து நல்ல ஆபீஸ், எல்லாக் குடும்பமும் அங்கேதான் போகும். இருபது வருடம் தொழில் செய்தவருக்கு ஊரில் பாதிப் பேரோடு ஏதாவது ஒரு பத்திரத்தில் சம்பந்தம் இருக்கத்தான் செய்யும், அதற்காக எல்லாக் கேஸையும் விட்டுவிடு என்றால் அவர் எங்கே போவார். ஜூனியர்களின் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு மாதம் 15,000-லிருந்து 20,000 ரூபாயாவது கொடுங்கள் என்று மெட்ராஸ் ஹைகோர்ட் 2024-ல் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்னால் என்ன கிடைத்திருக்கும்? அந்தச் சின்ன வக்கீல்மேல் எனக்கு இன்று கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஆனால் நான் கேட்பது கேஸை விடு என்று கூட இல்லை. சொல்லு என்கிறேன், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடு என்கிறேன். பார் கவுன்சில் விதியில் "ஒரு வக்கீல்" என்கிற இடத்தில் "அவரும் அவர் ஆபீஸில் இருப்பவர்களும்" என்று சேர்க்கட்டும், மறைத்தது தெரிந்தால் வாங்கிய ஃபீஸ் முழுவதையும் ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

அதுவரை உங்கள் வாசகர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கேஸ் கொடுப்பதற்கு முன்னால் எதிரியின் பத்திரத்தை நீங்களே நகல் எடுத்து முதல் பக்கத்தைவிடக் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது கீழே யார் யார் பெயர் இருக்கிறது என்று வாசித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம், அவர் யார் யாருக்கு ஆஜராகிறார் என்று தெரிந்துவிடும், பிள்ளைகள் யாரிடமாவது போனைக் கொடுத்தால் அஞ்சு நிமிஷ வேலை. வக்கீலை மாற்ற நினைத்துக் கட்டைத் திருப்பிக் கேட்டால் ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது, சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு இது தெரியாமல் மூன்று மாதம் நடந்தோம்.

அப்பீலுக்கு இப்போது நாகர்கோவிலில் வேறொரு வக்கீல். முதல் நாள் போனபோது நான் பேசுவதற்கு முன்னால் சித்தியே கேட்டுவிட்டார், "அந்தப் பெரிய வக்கீல உங்களுக்குத் தெரியுமா சார்?" அவர் சிரிக்கவில்லை. தெரியும், சேர்ந்துதான் படித்தோம், அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், ஆனால் உங்கள் மாமா குடும்பத்துக்கு நான் எதுவும் எழுதியதில்லை என்றார். அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று நான் கேட்டேன், கொஞ்சம் யோசித்தார், பிறகு தன் லெட்டர்பேடிலேயே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். சித்தி அதை பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.